பனை வில்லும் தேன்மெழுகும்

செப்டெம்பர் 8
போன வருடம் செய்த பனை வில்லை மாரி தின்றுவிட்டது. அதற்கு நான் பூசியது தேங்காயெண்ணெய். அது காய்ந்து இறுகாத எண்ணெய், தூசி ஒட்டியதுதான் மிச்சம். கார்த்திகை முழுக்க ஈரத்தைக் குடித்துக் குடித்து மரம் சோர்ந்துபோய், நாணைக் கழற்றினாலும் நிமிராமல் நின்றது. புதியதற்குத் தேன்மெழுகு என்று முடிவு. இழைத்த கையோடு இன்றே பூசிவிடலாமென்று தச்சு வேலை செய்யும் பெரியப்பாவிடம் கொண்டுபோனேன், அவர் மரத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "மோனை, இது இன்னும் ஈரம். இப்ப மெழுகு பூசினா தண்ணியை உள்ளுக்கை வைச்சுப் பூட்டின மாதிரி" என்றார்.

செப்டெம்பர் 27
சந்திக் கடைத் தராசில் நாலைந்து நாளுக்கொருமுறை நிறுத்துப் பார்க்கிறேன். முதலில் 702 கிராம், பிறகு 671, பிறகு 664. கடைசி மூன்று முறையும் 661 தான். நிறை இறங்காமல் நின்றால் மரம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று ஓய்வதற்குள் காய்ந்தது பெரிய ஆறுதல். இனித்தான் வளைவு பார்க்க வேண்டும், ஈரத்தோடு வளைத்திருந்தால் அந்த வளைவு அப்படியே தங்கியிருக்கும்.

ஒக்டோபர் 4
வன்னியிலிருந்து வந்த தேன்வதையைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, பழைய வேட்டித் துணியில் வடித்து ஆறவிட்டேன். காலையில் தண்ணீருக்கு மேல் மஞ்சள் வட்டமாக இறுகிக் கிடந்தது, வீடெல்லாம் தேன் வாசம்.

கைப்பிடிக்குத் தோல் ஒட்டும் வேலையை முதலில் முடித்தேன், மெழுகு பட்ட இடத்தில் பசை பிடிக்காது. மெழுகு உருக 62 முதல் 64 பாகை செல்சியஸ் போதும், பால்மாப் பேணியில் போட்டு வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கினால் காணும். நேரே அடுப்பில் மட்டும் வைக்க வேண்டாம், சூடு ஏறினால் பற்றிக்கொள்ளும்.

வில்லை மத்தியான வெயிலில் போட்டுச் சூடாக்கிய பிறகே துணியால் தேய்த்தேன். குளிர்ந்த மரத்தில் மெழுகு வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நிற்கிறது, சூடான மரத்தில் கண்ணெதிரே உள்ளே போகிறது. அதிகம் குடித்தவை இரண்டு முனைகளும்தான். பனையின் கறுப்பு நார்கள் அங்கே வெட்டுப்பட்டுக் குழாய்வாய் போலத் திறந்து கிடக்கின்றன, மூன்று தரம் வைத்தும் உறிஞ்சின. ஈரம் ஏறுவதும் அந்த வழியால்தானே, பூசுகிறவர்கள் முனைகளில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது.

ஒக்டோபர் 5
மிஞ்சிய மெழுகைத் துணியால் அழுத்தித் துடைத்தேன். தடிப்பாக விட்டால் நம்முடைய வெயிலுக்கு இளகித் தூசியைப் பிடிக்கும். கறுப்பு வரிகள் எழும்பித் தெரிகின்றன, அவ்வளவு வடிவு! ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். முத்தாகத் திரண்டு உருண்டு ஓடியது. நாணுக்கும் மெழுகு இழுத்து, விரலால் சூடேறத் தேய்த்துவிட்டேன்.

ஒக்டோபர் 23
மூன்று நாளாக மழை. கூரைக்குக் கீழே தொங்கிய வில்லை எடுத்து நிறுத்தேன், பூசி முடித்தபோது இருந்ததைவிட மூன்று கிராம் கூட. மழைத்துளியை மெழுகு உருட்டிவிடுகிறது, காற்றிலுள்ள ஈரத்தை மெதுவாக்குமே தவிர முழுதாக நிறுத்தாது. மூன்று கிராம் பெரிய விஷயமில்லை, இழுத்துப் பார்த்தேன், விறைப்பு குறையவில்லை. கார்த்திகை இறுகுமுன் ஒரு வெயில் நாள் கிடைத்தால் முனைகளுக்கு மட்டும் இன்னொரு பூச்சு வைக்க வேண்டும். பேணியில் அதற்குக் காணுமளவு மெழுகு இருக்கிறது.