ஆடியில் குடிபோனவள்

ஜூன் 3, 2025, செவ்வாய்

புரோக்கர் நங்கநல்லூரில் ஒரு வீடு காட்டினார். "கிரவுண்ட் ஃப்ளோர் மேடம், உங்களுக்குன்னே கட்டினது" என்று போனில் அடித்துச் சொன்னவர், வாசலில் என்னைச் சக்கர நாற்காலியோடு பார்த்ததும் தலையைச் சொறிந்தார். ஐந்து படி. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் இந்தப் பக்கம் கட்டிய வீடுகளையெல்லாம் இப்படித்தான் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்குள் தண்ணீர் வந்தவர்களிடம் போய் ஏன் உயரமாகக் கட்டினீர்கள் என்று கேட்க முடியுமா?

ஆனால் என் கணக்கு வேறு. ஒரு அங்குலம் ஏறப் பன்னிரண்டு அங்குல நீளத்துக்குச் சாய்தளம் வேண்டும். ஐந்து படி, சுமார் முப்பது அங்குலம். அப்படியானால் முப்பது அடி. அந்த வாசலில் இருந்து முப்பது அடி போட்டால் எதிர்வீட்டு ஹாலில் போய் இறங்கலாம்.

ஏன் திடீரென்று வீடு தேடுகிறாய் என்று கேட்கிறவர்களுக்கு: அண்ணன் வீடு பம்மலில் இரண்டாவது மாடி. லிப்ட் கிடையாது. நான் கீழே இறங்க வேண்டுமென்றால் அண்ணனும் எதிர் வீட்டுப் பையனும் சேர்ந்து நாற்காலியோடு தூக்க வேண்டும். அண்ணனுக்கு முதுகுவலி தொடங்கிவிட்டது. சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை. அண்ணி என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அதனால்தான் இந்தப் பேச்சை எடுக்க இவ்வளவு நாள் ஆனது.

ஜூன் 9, திங்கள்

இன்று இரண்டு வீடு, இரண்டும் ஓனர்களே மறுத்தது. ஒருவர் நேராகச் சொன்னார்: "ராத்திரி உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா போலீசுக்கு யாரும்மா பதில் சொல்றது?" இன்னொரு அம்மா என்னிடம் பேசவே இல்லை. பக்கத்தில் நின்ற அண்ணனிடம், "தங்கச்சிய இப்படித் தனியா விடலாமா தம்பி?" என்று கேட்டார். வாடகை என் சம்பளத்தில் கொடுப்பது, அட்வான்ஸ் என் அக்கவுண்டில் இருந்து போவது. எனக்கு முப்பத்தாறு வயது.

வீட்டுக்கு வந்து 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவை மறுபடி எடுத்துப் படித்தேன். மாற்றுத்திறனாளிகளுக்குச் சமூகத்தில் வாழும் உரிமை உண்டு என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. இன்ன இடத்தில்தான் தங்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தப்படக் கூடாது, வீட்டிலேயே உதவியாளர் வரைக்கும் ஏற்பாடுகள் கிடைக்க வேண்டும் என்பதெல்லாம் அடுத்த வரியில் வருகிறது. அங்கேதான் அரசு "முயற்சி எடுக்க வேண்டும்" என்று இறங்கிவிடுகிறார்கள். உரிமை என்னுடையது, செலவு யாருடையது என்பது மட்டும் அந்தரத்தில். இந்தப் பிரிவுக்கு மூலம் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆவது பிரிவு. எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவரவரே முடிவு செய்யலாம் என்கிறது அது. இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று அதை ஏற்றுக்கொண்டது. பதினெட்டு வருடமாகப் போகிறது.

இன்று மறுத்த ஓனர்களுக்கு இதையெல்லாம் வாசித்துக் காட்டினால் வீடு கிடைத்துவிடுமா என்ன.

ஜூன் 14, சனி

இனிமேல் ஹாலையும் சமையலறையையும் பார்ப்பதில்லை. முதலில் பாத்ரூம் கதவு. டேப்பை எடுத்துப் பிடித்தால் எல்லா வீட்டிலும் இரண்டடி, சில இடத்தில் இரண்டேகால். என் நாற்காலி சக்கரத்துக்குச் சக்கரம் இருபத்தைந்து அங்குலம். கையைச் சக்கரத்தில் வைத்துத் தள்ளுவதற்கு இருபுறமும் கொஞ்சம் இடம் வேண்டும். முப்பத்திரண்டு இருந்தால் நிம்மதி. வீட்டுக்குள் நுழைகிற கதவுக்கு மூன்றரை அடித் தேக்கு நிலை வைத்துக் குங்குமம் இடுகிறோம், குளிக்கப் போகிற கதவுக்கு மட்டும் ஆள் பக்கவாட்டில் திரும்பிப் போகிற அளவு. வயதான அப்பா அம்மா வாக்கர் பிடித்து நடக்கிற வீடுகளில்கூட இதே கதைதான்.

ஜூன் 27, வெள்ளி

வீடு அமைந்துவிட்டது! குரோம்பேட்டையில், ஸ்டேஷனுக்கு மேற்கே, பழைய வீடு. 2015க்கு ரொம்ப முன்னாடி கட்டியது. அதனால் வாசலில் ஒரே ஒரு படி, ஏழு அங்குலம். மாடியில் ஓனர் அம்மா, வயது எழுபதுக்கு மேல். கீழ்ப் போர்ஷனில் இருந்தவர்கள் காலி செய்து மூன்று மாதமாம். இப்போது விட்டால் ஆடி வந்துவிடும், ஆடியில் யாரும் பால் காய்ச்ச வரமாட்டார்கள், ஆவணி வரை வீடு சும்மா கிடக்கும்.

"ஜூலை பதினேழுக்கு மேலதான் வர முடியும், கொத்தனார் வேலை இருக்கு" என்றேன்.

"ஆடி பொறந்துடுமேம்மா?"

"எனக்குப் பரவாயில்லைங்கம்மா."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். அட்வான்ஸில் இருபதாயிரம் குறைத்துக்கொண்டார். அண்ணிதான் இன்னும் சமாதானம் ஆகவில்லை. தனியாகப் போவதைவிட ஆடியில் போவதுதான் அவருக்குப் பெரிய குறை.

ஜூலை 6, ஞாயிறு

கொத்தனார் வேலை. பாத்ரூம் நிலையைப் பெயர்த்து எடுத்து முப்பத்திரண்டு அங்குலமாக்கி, மடக்குக் கதவு போடுகிறார்கள். காலி செய்யும்போது பழையபடி கட்டித்தருவதாக அக்ரிமெண்டில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓனர் அம்மா வந்து நின்று பார்த்துவிட்டு, "இதை அப்படியே விட்டுரும்மா, எனக்கே நாளைக்கு உதவும்" என்றார்.

கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில் வர வேண்டும் என்பதில் கொத்தனாருக்கும் எனக்கும் அரை மணி நேரம். அவர் நின்றுகொண்டு அளந்தார், நான் உட்கார்ந்துகொண்டு அளந்தேன். கடைசியில் அவரையே என் நாற்காலியில் உட்கார வைத்து, அங்கிருந்து கமோடுக்கு மாறச் சொன்னேன். கையை எங்கே ஊன்றினாரோ அங்கே பென்சிலால் குறித்தோம்.

இந்த மாறும் வித்தையை நான் கற்றது வேலூர் பாகாயத்தில், 1966இல் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்தில். அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டவர். அதன் பிறகும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அங்கே இருந்தபோது சுவரில் இருந்த அவர் படத்தைப் பார்த்து நான் கடுப்பானதுண்டு. எல்லோரும் மேரி வர்கீஸ் ஆக முடியுமா? ஆக வேண்டியதில்லை. கமோடுக்கு மாறத் தெரிந்தால் போதும்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. குடிவந்தாயிற்று. பால் காய்ச்சவில்லை, டீ போட்டேன். அண்ணி தேங்காய்ப்பால் பாயசம் கொண்டுவந்தார். அடுப்பு மேடையைப் பார்த்து, "இவ்வளவு தாழ்வா இருக்கே" என்று குனிந்து குனிந்து பார்த்தார். எனக்குச் சரியாக இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

உதவிக்கு வரும் அக்கா பற்றி. காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, மாலை ஒரு மணி நேரம். மாதம் பத்தாயிரம். வீடு தேடியதைவிட இது கஷ்டமாக இருந்தது. ஏஜென்சிகளில் கேட்டால் "பேஷண்டுக்கு என்ன வயசு, படுக்கையிலா?" என்பதுதான் முதல் கேள்வி. நான் பேஷண்ட் இல்லை, காலையில் லாகின் செய்ய வேண்டியவள் என்றால் புரியவில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்தான் இருக்கிறதாம். நாள் முழுக்க என் தலைமாட்டில் போனைப் பார்த்துக்கொண்டு ஒருத்தர் உட்கார்ந்திருக்க நான் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? கடைசியில் ஓனர் அம்மாதான் இந்த அக்காவைச் சொன்னார். பக்கத்துத் தெரு.

முதல் நாள் அக்கா எனக்குத் தலைவாரிப் பூ வைத்துவிட வந்தார். எனக்குக் கை நன்றாக இருக்கிறது அக்கா, கால் பக்கம்தான் வேலை என்றேன். சிரித்துவிட்டார். படுக்கைப் புண் வருகிறதா என்று கண்ணாடி வைத்துப் பார்ப்பது, காலை நீட்டி மடக்குவது, ஈரத்தரையைத் துடைப்பது, இதுதான் பட்டியல். அதோடு ஒரு ஏற்பாடு: வர முடியாவிட்டால் முந்தைய ராத்திரியே சொல்ல வேண்டும், நானும் வேண்டாமென்றால் முந்தைய ராத்திரியே சொல்வேன்.

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்பவர் 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். போலியோவால் கழுத்துக்குக் கீழே அநேகமாக அசைவு இல்லை. மூச்சு விடுவதற்காக அவர் உள்ளே படுத்து உறங்க வேண்டிய 'இரும்பு நுரையீரல்' என்ற கனமான இயந்திரத்தை விடுதி தாங்காது என்று வளாகத்து மருத்துவமனையில் தங்கவைத்தார்கள். அவரும் தோழர்களும் சேர்ந்து 1972இல் சுயசார்பு வாழ்வுக்கென்று ஒரு மையமே தொடங்கினார்கள். உதவியாளரை யார் தேர்ந்தெடுப்பது, யார் நிறுத்துவது என்பதைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். எந்த வேலைக்கு உதவி கேட்கிறோம் என்பது அவர்களுக்குப் பெரிதாகப் படவில்லை. இது எனக்குப் பிடிக்கும். "எல்லாத்தையும் தானே செஞ்சுக்குவா" என்று என்னைப் புகழ்கிறவர்களைப் பிடிக்காது.

தமிழ்நாட்டில் என்னைப் போல் தண்டுவடம் பாதித்தவர்களுக்குப் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், 2023 ஜனவரியில் இருந்து. அதற்கு முன் 1,500. வேலைக்குப் போகாத ஒருவர் அதை வைத்து என் அக்காவை ஆறு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 6, புதன்

ஏர்வாடி நாள். 2001இல் இதே தேதி அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன், நடந்துகொண்டும் இருந்தேன். செய்தியில் பார்த்தபோது அது வேறு யாருடைய கதையோ என்றுதான் இருந்தது.

அதற்கப்புறம் அரசு அங்கிருந்த காப்பகங்களை மூடியது. பலரைக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1794இல் தொடங்கிய அரசு மனநல மருத்துவமனை அது. குணமானவர்கள்கூடப் போக இடமில்லாமல் உள்ளேயே வருடக்கணக்கில் இருந்தார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் 19ஆவது பிரிவில் இதற்கு நேராகப் பதில் வைத்திருக்கிறது: குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, வெளியே வசதி இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை உள்ளேயே வைத்திருக்கக் கூடாது. சென்னையில் 'பான்யன்' அமைப்பு 2015 முதல் சாதாரணத் தெருக்களில் வீடுகளை வாடகைக்கு எடுத்து இப்படிப்பட்டவர்களை நாலைந்து பேராகக் குடிவைக்கிறது. அவர்களே சமைக்கிறார்கள், காய்கறிக்காரரிடம் பேரம் பேசுகிறார்கள். பெரிய கட்டடம், சுவர், வாட்ச்மேன் இல்லாமல் முடியும் என்று இதே ஊரில் செய்து காட்டிவிட்டார்கள். அப்புறமும் நன்கொடை கேட்டு வருகிற நோட்டீஸ்களில் புதுக் கட்டடத்தின் படம்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தாழ்தளப் பேருந்தில் போனேன். நீதிமன்றம் வரை போய்ப் போராடி வாங்கிய பேருந்துகள் இவை, போன வருடம் ஆகஸ்டில்தான் ஓட ஆரம்பித்தன. பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது, கண்டக்டர் கதவடியில் மடிந்திருந்த பலகையை விரித்தார். பின்னால் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கண்டக்டர் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத முடியாது. இறங்கிய நிறுத்தத்தில் நடைமேடைக்கும் ரோட்டுக்கும் நடுவில் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். அங்கே மட்டும் இரண்டு கல்லூரிப் பையன்கள் தூக்க வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தோழி வந்தாள், சாயங்காலம் ஐந்து வரை அனுமதி. மூளை முடக்குவாதம், பேச்சு நிதானமாக வரும், புத்தி கத்தி. வயது முப்பத்தெட்டு. ஊர் எல்லையில் ஒரு இல்லத்தில் பல வருடமாக இருக்கிறாள்.

மதியம் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டதற்கு உடனே பதில் வரவில்லை. அங்கே யாரும் கேட்பதில்லையாம். மதியச் சாப்பாடு பெரும்பாலும் யாராவது கொடுப்பது. பிறந்தநாள், கல்யாண நாள், திதி. கொடுப்பவர்கள் வந்து நிற்பார்கள், இவர்கள் கைதட்டிப் பாட வேண்டும், பிறகு போட்டோ. "போன மாசம் மூணு நாள் தொடர்ந்து கேசரி. யாரோ மூணு பேர் பொறந்து தொலைச்சிருக்காங்க" என்றாள். கொடுப்பவர்கள் சங்கடப்படுவார்கள் என்று அசைவம் கிடையாது. கருவாட்டுக் குழம்பு கேட்டாள். ஞாயிறு லீவாக இருந்தும் அக்கா வந்து வைத்துக்கொடுத்தார். ஓனர் அம்மா மாடியில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அது அவருடைய உரிமை.

சாப்பிட்டுவிட்டு என் செலவுக் கணக்கைக் கேட்டாள். வாடகை பதினொன்று, அக்காவுக்குப் பத்து, கரண்ட், கதீட்டர், டயாபர், ஆட்டோ. ஒவ்வொன்றாகச் சொன்னேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்குன்னு அங்க வர்ற பணத்தை என் கையில குடுத்தா, பாதி வீட்டு வாடகையாவது தருவேனே" என்றாள். அந்தப் பணம் கட்டடத்தோடு சேர்ந்தே இருக்கிறது, அவளோடு வெளியே நடந்து வருவதில்லை.

முதலில் இங்கே ஒரு வாரம் தங்கிப் பார்ப்பது என்று பேசினோம். சிக்கல் அங்கேதான். வெளியே இரவு தங்க 'கார்டியன்' கையெழுத்து வேண்டும் என்கிறார்களாம். கார்டியன் என்பது சிவகாசியில் இருக்கும் சித்தப்பா. அவரை எந்தக் கோர்ட்டும் நியமிக்கவில்லை, சேர்க்கும்போது ஃபாரத்தில் பெயர் எழுதினார்கள், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு இருக்கும் சட்டத் தகுதி மாற்றுத்திறனாளிகளுக்கும் சமமாக உண்டு என்று அதே 2016 சட்டத்தின் 13ஆவது பிரிவு சொல்கிறது.

ஆகஸ்ட் 23, சனி

வீடியோ காலில் அவளுடைய இல்லத்துக்குக் கடிதம் எழுதினோம். அவள் சொல்ல, நான் தட்டச்சு. நான் என் சாமர்த்தியத்தைக் காட்ட, என் வீட்டில் சாய்தளம் இருக்கிறது, உதவியாளர் இருக்கிறார், ஆஸ்பத்திரி பக்கத்திலேயே என்று ஒரு பத்தி சேர்த்து வாசித்துக் காட்டினேன்.

"அதை எடு."

"ஏன்? அவங்களுக்கு நம்பிக்கை வரும்ல?"

"உங்க அண்ணன் ஊட்டிக்குப் போனப்ப அங்க ஆஸ்பத்திரி பக்கத்துல இருக்குன்னு யாருக்காவது எழுதிக் குடுத்தாரா?"

எடுத்துவிட்டேன். இப்போது மூன்றே வரி: செப்டம்பர் 1 முதல் 7 வரை இந்த முகவரியில் இருப்பேன், இந்த எண்ணில் கிடைப்பேன், 13ஆவது பிரிவின்படி வேறு யாருடைய கையெழுத்தும் இதற்குத் தேவையில்லை. கீழே அவள் கட்டைவிரல் ரேகை. நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. திங்கட்கிழமை ஸ்பீட் போஸ்ட்டில் போகிறது. மறுத்தால் எழுத்தில் தரச் சொல்லியிருக்கிறாள்.

அவளுக்கு ஏற்றி இறக்குகிற கட்டில் வேண்டும். வாடகைக்கு விசாரித்தேன், ஒரு வாரத்துக்குத் தரமாட்டார்களாம். குறைந்தது ஒரு மாதம், இரண்டாயிரத்து ஐந்நூறு. ஒரு மாதத்துக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.