ஏழு கண்ணாடிப் போத்தல், ஒரு பிளாஸ்டிக் போத்தல்

நான் போட நினைத்தது இஞ்சி பியர் இல்லை. நிஜ பியர். 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது, யாரோ ஒரு வெள்ளைக்காரர் தன் சமையலறையில் பார்லி காய்ச்சுவதை யூடியூப்பில் பார்த்துப் பார்த்து வந்த ஆசை. வாளி, குழாய், மூடி அடிக்கும் கருவி என்று பட்டியல்கூடப் போட்டு வைத்திருந்தேன்.

இரண்டு தடை. ஒன்று, 1976 கலால் சட்டம்: லைசென்ஸ் இல்லாமல் மலேசியாவில் மது தயாரிக்கக்கூடாது. இன்னொன்று என் மனைவி. சட்டத்திடமாவது மனுப் போட்டுப் பார்க்கலாம்.

அவள் கெடாவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவள். மாமா, அதாவது அவள் அப்பா, அந்தக் காலத்தில் சம்சு என்கிற மலிவுச் சாராயம் குடிப்பார். கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. பியர் பேச்சை எடுத்தபோது அவள் சண்டை போடவில்லை. "உங்களுக்கு என்னா வேணும், நுரை வரணும், டப்புனு தொறக்கணும், அதானே? இஞ்சில செய்யுங்க" என்றாள். அதற்கு மேல் அதில் பேச்சில்லை.

முதல் முயற்சி ஊற்றிக்கொண்டது. சீனாவிலிருந்து வரும் இஞ்சி, கழுவித் துடைத்துப் பளபளவென்று இருக்கும் பெரிய துண்டு, அதைச் சீவிச் சீனி போட்டுத் தண்ணீரில் வைத்தேன். ஐந்து நாள் ஆகியும் ஒரு குமிழி இல்லை. ஆறாம் நாள் பூஞ்சைதான் வந்தது. பிறகுதான் புரிந்தது, வேலை செய்வது இஞ்சி இல்லை, அதன் தோலில் ஒட்டியிருக்கிற ஈஸ்ட். தோலைத் தேய்த்துக் கழுவிவிட்டால் என்ன மிஞ்சும்? சௌராஸ்தா மார்க்கெட்டில் மண் போகாத பெந்தோங் ஊர் இஞ்சி வாங்கினேன். கணு கணுவாக, சின்னதாக, விலை இரண்டு மடங்கு. தோலோடு மூன்று கரண்டி, சீனி மூன்று கரண்டி, ஆறவைத்த வெந்நீர் இரண்டு கோப்பை. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அதிலுள்ள குளோரின் ஈஸ்ட்டுக்கு ஆகாது. கொதிக்க வைத்தால் போய்விடும்.

தினமும் இஞ்சி, சீனி இரண்டையும் ஒவ்வொரு கரண்டி சேர்க்க வேண்டும். நான் கணக்கு நோட்டு எழுதி, மணி பார்த்துச் சேர்த்தேன். மூன்றாம் நாள் காலையில் அவள் ஜாடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "உறை ஆயிடுச்சுங்க" என்றாள். நோட்டுப்படி இன்னும் இரண்டு நாள் இருந்தது. ஆனால் நுரை ஜாடி விளிம்பு வரை நின்றது. இட்லி மாவு எப்போது பொங்கும் என்று இந்தப் பினாங்கு வெயிலில் இருபது வருடம் பார்த்தவளிடம் என் நோட்டு என்ன செய்யும். அன்றிலிருந்து அதற்கு எங்கள் வீட்டில் இஞ்சி உறை என்றே பெயர்.

இடையில் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பழைய காலத்து இஞ்சி பியருக்கு வேறு ஓர் உறை உண்டு, சவ்வரிசி மாதிரி கட்டி கட்டியாக இருக்கும். அதற்குள் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கூட்டுக்குடும்பம் நடத்துகின்றன என்று 1892இல் எழுதியவர் ஹாரி மார்ஷல் வார்ட். இதே மனிதர்தான் அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு இலங்கைக்குப் போய், காப்பிச் செடியை அழித்த இலை நோயை ஆராய்ந்தவர். அந்த நோயில்தான் அங்கே காப்பித் தோட்டங்கள் படுத்துத் தேயிலை வந்தது. தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியைக் கட்டிக்கொண்டு நான் இஞ்சி கலக்கப் போனால் அங்கேயும் தோட்டக் கதைதான் வருகிறது.

சனிக்கிழமை ராத்திரி போத்தலில் அடைத்தோம். நாலு லிட்டர் தண்ணீர், முந்நூறு கிராம் இஞ்சி, நானூறு கிராம் சீனி. கொதிக்கவிட்டு, ஆறவிட்டு, கஸ்தூரி எலுமிச்சை பதினைந்து பிழிந்து, உறையில் ஒரு கோப்பை வடிகட்டி ஊற்றியாயிற்று. சூட்டோடு ஊற்றினால் உறை செத்துப்போகும். விரலை விட்டால் சூடு தெரியக்கூடாது, தயிருக்கு ஊற்றுகிற பதத்தைவிட இன்னும் ஆறியிருக்க வேண்டும்.

போத்தல்கள் லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் வாங்கியவை. கம்பி மாட்டி இழுத்து மூடுகிற கெட்டிக் கண்ணாடி, ஒவ்வொன்றும் இரண்டு வெள்ளி (ரிங்கிட்). ரப்பர் வளையம் மட்டும் புதுசு. உள்ளே அடியில் என்னவோ காய்ந்து ஒட்டியிருந்தது. நான் வேலை செய்வது பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில், தூசி புகாத அறையில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு. சுத்தம் என்றால் எனக்குத் தெரியும் என்று நினைத்து, நீளப் பிரஷ் வாங்கி வைத்திருந்தேன். பிரஷ் கழுத்துக்குள் போனது. அடி மூலைக்கு எட்டவில்லை.

"தள்ளுங்க" என்றாள். அரிசி டின்னிலிருந்து ஒரு கை எடுத்துப் போத்தலுக்குள் போட்டாள். கொஞ்சம் வெந்நீர். உள்ளங்கையால் வாயை மூடி, மேலும் கீழும் ஆட்டாமல், மணிக்கட்டைச் சுழற்றிச் சுழற்றி ஒரு ஆட்டு. அரிசி கண்ணாடியைச் சுற்றி ஓடுகிற சத்தம், சோழி குலுக்குவது மாதிரி. கவிழ்த்தாள். அழுக்கு அரிசியோடு வந்துவிட்டது. அதே அரிசியை வடிகட்டி அடுத்த போத்தலில் போட்டாள். ஏழும் பத்து நிமிஷம் ஆகவில்லை.

"எங்க கத்துக்கிட்ட?"

விளக்குக்கு நேரே ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மாமா குடித்துப் போட்ட போத்தல்களைத் தம்பியும் அவளும் வீட்டுக்குப் பின்னால் சேர்த்து வைப்பார்களாம். மாதம் ஒரு தடவை பழைய போத்தல்காரர் லாரியில் வருவார். அழுக்குப் போத்தலுக்கு அஞ்சு காசு, கழுவியதற்குப் பத்து. "நோட்டுப் புத்தகம் எல்லாம் அதுலதான் வாங்குனோம். அப்பா நல்லா குடிச்ச மாசம் கலர் பென்சிலும் வரும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. புனலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊற்றும்போது கழுத்தில் நாலு விரல்கடை இடம் விட்டோம். ஏழு கண்ணாடிப் போத்தல் போக, எட்டாவது, ஹண்ட்ரட் பிளஸ் என்கிற காஸ் பானத்தின் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று. இது முக்கியம், போடுகிறவர்கள் விட்டுவிடாதீர்கள். கண்ணாடிக்குள் அழுத்தம் எவ்வளவு என்று வெளியே தெரியாது, ஏறினால் வெடிக்கும். பிளாஸ்டிக்கை அமுக்கிப் பார்க்கலாம். கல் மாதிரி ஆனால் மற்றதும் தயார். ஆனால் மினரல் தண்ணீர்ப் போத்தல் கூடாது, மெல்லிசு. காஸ் உள்ள பானத்தின் போத்தல்தான் தாங்கும். குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்பில் ஒரு வாரம், பத்து நாள் வெளியே வை என்றிருக்கும். இங்கே முப்பது டிகிரி. ஞாயிறு ராத்திரியே பிளாஸ்டிக் விறைத்துவிட்டது, திங்கள் காலை அமுங்கவே இல்லை. ஆறு போத்தலை ஃபிரிட்ஜில் அடுக்கினேன். குளிரில் ஈஸ்ட் அடங்கிவிடும்.

ஏழாவதற்கு இடமில்லை. ஃபிரிட்ஜில் மீன். தொட்டிக்கு அடியில் இருக்கட்டும் என்று விட்டது என் தப்பு. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து அதைத் திறந்தேன். இஞ்சிச் சக்கை காற்றாடி இறக்கையில் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

குளிர்ந்தது மட்டும் சொன்னபடி டப்பென்று திறந்தது. காரம் முதலில் மூக்கில் ஏறியது, பிறகு தொண்டையில் இறங்கியது. மது அறவே இல்லையா என்றால், நேர்மையாகச் சொன்னால், புளித்த எதிலும் துளி இருக்கும். அவளிடமும் சொன்னேன். "இட்லியிலயும் இருக்குமா?" என்று கேட்டுவிட்டு இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் வந்தார். இப்போது இனிப்பு நீர் வியாதி, குடியை நிறுத்தி ரொம்ப வருடம். போத்தலைக் கையில் வாங்கினார். நான் திறக்கிறேன் என்றதும், "இருக்கட்டும் மாப்பிள்ளை" என்று கட்டைவிரலால் கம்பியை நெம்பி, காஸைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, ஒரு சொட்டு சிந்தாமல் திறந்தார். என்னால் இன்றுவரை அப்படி முடியவில்லை.

குடித்தார். "காரம் நல்லாருக்கு. சீனி எவ்ளோ?"

"உறை தின்னது போக மிச்சம்" என்றாள் இவள். "அர டம்ளர்தான். போதும்."

மிச்சத்தை நான் குடித்தேன். காலிப் போத்தலை அவரே எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். தண்ணீர் ஓடும் சத்தம், டின் மூடி திறக்கும் சத்தம். இவள் எட்டிப் பார்த்தாள்.

"அது பிரியாணி அரிசிப்பா. கீழ் டின்னுல எடுங்க."