கண்காணிப்புக் கேமராவை நேரலைக்குப் பழக்குதல்

சிறிய அரங்கு ஒன்றில் நடக்கும் சொற்பொழிவுகளையும் இசை நிகழ்ச்சிகளையும் நேரலையாக ஒளிபரப்பும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. கணினி மேசைக்கு அருகில் ஒரே ஒரு வெப்கேம் இருந்தவரை எனக்குச் சிக்கல் எதுவும் இல்லை. மேடையின் மறுகோடியிலும் கூடத்தின் பின்சுவரிலும் கேமரா வேண்டும் என்ற நிலை வந்தபோதுதான் கேபிளின் நீளம் குறுக்கே நின்றது. யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு 5 மீட்டர்தான் எல்லை; எச்டிஎம்ஐ கேபிளும் நீளம் கூடக் கூடத் தடுமாறத் தொடங்கும். நெட்வொர்க் கேபிளோ 100 மீட்டர் வரை செல்லும். கேமராவுக்கு வேண்டிய மின்சாரமும் அதே கேபிளில் போய்விடும். இந்த ஒரு வசதிக்காகவே நான் ஐபி கேமராக்களின், அதாவது நெட்வொர்க் கேபிளில் இணையும் கண்காணிப்புக் கேமராக்களின் பக்கம் வந்தேன். அதன் பிறகு கற்றுக்கொண்டவற்றை, இதே வழியில் வருகிறவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதி வைக்கிறேன்.

மின்சாரத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் நான் முதலில் இடறியது அங்கேதான். கேமராக் கேபிள்களைக் கணினியோடு இணைக்கும் பெட்டியே நெட்வொர்க் சுவிட்ச். கேபிள் வழியே மின்சாரம் தரும் சுவிட்சுகளில், 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரம் ஒரு துளைக்கு 15.4 வாட் தருகிறது. கேபிளில் இழப்பது போகக் கேமராவுக்குச் சேர்வது 12.95 வாட். அசையாத கேமராவுக்கு இது தாராளம். தலையைத் திருப்பி, ஜூம் செய்யும் பிடிஇசட் கேமராக்களில் பலவற்றுக்கு, 30 வாட் தரும் 802.3ஏடி தரம் தேவைப்படும். இது தெரியாமல் நான் பழைய சுவிட்சில் மாட்டிய பிடிஇசட் கேமரா, ஓரிடத்தில் நிற்கும்வரை தெளிவான படம் தந்தது. வேகமாகத் திரும்பும் போதெல்லாம் அணைந்து மீண்டும் எழுந்தது. மென்பொருளில் கோளாறு தேடி ஒரு முழு மாலையைச் செலவிட்ட பிறகே சுவிட்சின் அடியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். நெட்வொர்க் கேமரா காட்சியைக் காட்டுவதற்காக உருவானதன்று. நடந்ததைப் பதிந்து வைப்பதற்காக உருவானது. 1996-இல் ஆக்சிஸ் நிறுவனம் வெளியிட்ட முதல் நெட்வொர்க் கேமராவின் படம், அசையும் காட்சி என்று சொல்ல முடியாத அளவுக்கு மெதுவாகவே மாறியது. யாரும் இல்லாத இடத்தைத் தொலைவிலிருந்து எட்டிப் பார்க்க அதுவே போதுமானதாக இருந்தது. இன்றைய கேமராக்கள் எவ்வளவோ முன்னேறியிருந்தாலும், பெட்டியிலிருந்து எடுக்கும்போது அவற்றின் அமைப்புகள் இன்னும் அந்தப் பழைய நோக்கத்துக்கே கட்டுப்பட்டிருக்கின்றன: சேமிப்பகத்தை மிச்சப்படுத்த வேண்டும், இருட்டிலும் எதையாவது பிடித்துவிட வேண்டும். நேரலைக்கு வேண்டியதோ மாறாத ஒழுங்கு. பிட்ரேட் (வினாடிக்கு அனுப்பும் தரவின் அளவு), ஒளி, நிறம், தாமதம் ஆகிய எதுவும் தானாக ஏறி இறங்கக் கூடாது. ஆகவே கேமரா தானாகச் செய்யும் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்து நிறுத்துவதே என் வேலையாகிவிட்டது.

அவற்றுள் அதிகத் தொல்லை தருவது சுருக்க முறை. அசைவு இல்லாத காட்சியில் இடத்தை மிச்சப்படுத்த, நிறுவனத்துக்கு ஒரு பெயரில் ‘ஸ்மார்ட்’ சுருக்கம் ஒன்று வைத்திருக்கிறார்கள். அது கீஃபிரேம்களுக்கு இடையிலான இடைவெளியைத் தன் விருப்பப்படி நீட்டிவிடும். கீஃபிரேம் என்பது தன்னளவில் முழுமையான படம். அடுத்தடுத்து வருபவை அதிலிருந்து என்ன மாறியது என்பதை மட்டுமே சொல்லும். மென்பொருள் இணைந்த நேரத்தில் அடுத்த கீஃபிரேம் வர 8 வினாடி ஆகுமானால், அதுவரை திரை கறுப்பாகவோ சாம்பல் நிறக் கலங்கலாகவோ இருக்கும். எனவே ஸ்மார்ட் சுருக்கத்தை அணைத்துவிட்டு, கீஃபிரேம் இடைவெளியை ஒரு வினாடிக்கு வைக்கிறேன். அதாவது வினாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 25. பிட்ரேட்டை மாறாத வகையில் 6 முதல் 8 மெகாபிட் வரை நிறுத்துகிறேன். நான்கு கேமராக்கள் சேர்ந்தாலும் 32 மெகாபிட்தான். கிகாபிட் சுவிட்சுக்கு இது ஒரு சுமையே அன்று. ஆனால் இதே பாரத்தை வைஃபையில் ஏற்ற நான் உடன்படமாட்டேன், ஏனெனில் அங்கே பார்வையாளர்களின் கைப்பேசிகள் கூடத்துக்குள் நுழையும் நொடியிலேயே நிலைமை மாறிவிடும். காட்சிச் சுருக்க முறைகளில் எச்.265 இன்னும் சிக்கனமானது என்றாலும், கணினிக்கு எளிதாக இருக்கட்டும் என்று எச்.264-இலேயே நிற்கிறேன்.

ஷட்டரையும் நிறத்தையும் தானியங்கியில் விட்டால், மேடை விளக்கு சற்று மங்கியதும் கேமரா ஷட்டரை நீட்டிப் பாடகரின் கையைப் புகையாக இழுத்துவிடும். இன்னும் மங்கினால் இரவு நிலைக்கு மாறிப் படத்தையே கறுப்பு வெள்ளையாக்கிவிடும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸாக உள்ள இடத்தில் 25 ஃபிரேமும் 1/50 வினாடி ஷட்டரும், 60 ஹெர்ட்ஸாக உள்ள இடத்தில் 30 ஃபிரேமும் 1/60 வினாடி ஷட்டரும் வைத்தால் விளக்குகளின் துடிப்பு படத்தில் தெரியாது. ஸ்ட்ரீமிங் மென்பொருளின் ஃபிரேம் எண்ணிக்கையும் அதற்கே பொருந்த வேண்டும். கேமரா 25-உம் மென்பொருள் 30-உமாக இருந்தால் கேமரா திரும்பும் காட்சிகள் துள்ளித் துள்ளி நகரும். மூலையில் தெரியும் தேதி, நேர எழுத்துகளையும் அப்போதே நீக்கிவிடுங்கள்.

கேமராவிலிருந்து கணினிக்குப் படம் வருவது பெரும்பாலும் ஆர்டிஎஸ்பி நெறிமுறையின் வழியே. 1998-இல் தரப்படுத்தப்பட்ட இது வழக்கமாக 554-ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள நெட்வொர்க் வாயிலில், இயங்குகிறது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் முகவரியின் பின்பகுதியை வெவ்வேறு விதமாக அமைத்திருப்பதால், சரியான முகவரியைக் கண்டுபிடிப்பதே சிலருக்குப் பெரும்பாடு. ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்றும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய ஓன்விஃப் அமைப்பின் தரத்தைப் பின்பற்றும் கேமராவாக இருந்தால், அந்தத் தரம் தெரிந்த மென்பொருள் ஒன்று முகவரியைக் கேமராவிடமே கேட்டு எடுத்துத் தரும். கடவுச்சொல்லில் ‘அட்’ குறி இருந்தால் முகவரி உடைந்துவிடும். அந்தக் குறிக்குப் பதிலாகச் சதவீதக் குறியையும் 40 என்ற எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் மீடியா சோர்ஸ் ஒன்றைச் சேர்த்து, கணினியில் உள்ள கோப்பு என்ற தேர்வை நீக்கிவிட்டு இந்த முகவரியை இட்டால் படம் வந்துவிடும். ஆனால் மூன்று இடங்களில் கைவைக்காமல் விடக் கூடாது. முதலாவது, தரவுப் போக்குவரத்து முறையை யூடிபியிலிருந்து டிசிபிக்கு மாற்றுவது: யூடிபியில் வழியில் தொலைந்த தரவுப் பொட்டலம் தொலைந்ததுதான், அதன் தழும்பு அடுத்த கீஃபிரேம் வரும்வரை படத்தில் இழுபடும், டிசிபி அதை மீண்டும் கேட்டுப் பெறும். எஃப்எஃப்எம்பெக் விருப்பங்களுக்கான பெட்டியில் இதைக் குறிப்பிடலாம். இரண்டாவது, காட்சிக்கு வரும்போது மறுபடி தொடங்கு என்ற தேர்வை நீக்குவது. இல்லையென்றால் கேமராவை மாற்றும் ஒவ்வொரு முறையும் இணைப்பு புதிதாகத் தொடங்கி, அந்தக் கறுப்புத் திரை பார்வையாளர் முன்னால் தோன்றும். மூன்றாவது, இணைப்பு அறுந்தால் எத்தனை வினாடியில் மீண்டும் முயல வேண்டும் என்பது. நான் அதைக் குறைவாகவே வைக்கிறேன்.

தாமதம் பற்றிப் பலரும் அஞ்சுவது தவறான இடத்தில் என்பது என் கருத்து. பார்வையாளருக்கு யூடியூப் வழியே படம் போய்ச் சேரவே பல வினாடிகள் ஆகும்போது, கேமராவில் கூடுதலாக அரை வினாடி ஆவதால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. ஒலிக்கும் படத்துக்கும் இடையிலும், ஒரு கேமராவுக்கும் மற்றொரு கேமராவுக்கும் இடையிலும் தாமதம் வேறுபடுவதுதான் கேடு. கேமராவில் உள்ள மைக்கை நான் பயன்படுத்துவதே இல்லை. பல கேமராக்களில் அந்த ஒலி, தொலைபேசிக்கென வகுக்கப்பட்ட 8 கிலோஹெர்ட்ஸ் தரத்தில்தான் வருகிறது. மிக்சரிலிருந்து கணினிக்கு நேராக வரும் ஒலி நன்றாக இருக்கும், ஆனால் படத்தை முந்திக்கொண்டு வந்துவிடும். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒலி சுமார் 45 மில்லிவினாடி முந்தினாலே மனிதர் அதை உணரத் தொடங்குகிறார். பிந்தினாலோ சுமார் 125 மில்லிவினாடி வரை உணர்வதில்லை. இயற்கையில் இடி மின்னலுக்குப் பிறகே கேட்பதால், பிந்தும் ஒலியை நம் மனம் இயல்பாக ஏற்றுக்கொள்கிறது போலும்.

அளந்து பார்க்க எளிய வழி கைதட்டல்தான். எல்லாக் கேமராக்களும் பார்க்கும்படி ஒருவர் மேடையில் நின்று பலமாகத் தட்டட்டும். அதைப் பதிவுசெய்து, கைகள் சேரும் ஃபிரேமையும் ஒலி எழும் இடத்தையும் ஒவ்வொரு கேமராவுக்கும் ஒப்பிடுங்கள். எந்தக் கேமரா கடைசியாக வருகிறதோ அதையே அளவுகோலாகக் கொண்டு, மற்றவற்றுக்குக் காட்சித் தாமத வடிகட்டியைப் போட்டு அதனுடன் சமன்செய்து, பிறகு ஒலியையும் அதே அளவுக்குப் பின்தள்ள வேண்டும். இந்தச் சமன்பாடும் நிலைத்து நிற்காது. கேமராவின் கடிகாரமும் கணினியின் கடிகாரமும் தனித்தனியாக ஓடுகின்றன. இரண்டுக்கும் இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தால்கூட, இரண்டு மணி நேரத்தில் அது 360 மில்லிவினாடியாக வளர்ந்துவிடும். முதல் பாட்டில் சரியாக இருந்த உதடு கடைசிப் பாட்டில் விலகியதைக் கண்டு திகைத்திருக்கிறேன். அதனால் இடைவேளையில் கேமரா இணைப்புகள் அனைத்தையும் ஒரு முறை மறுதொடக்கம் செய்வதை வழக்கமாக்கிக் கொண்டேன்.

செலவு செய்ய முடிந்தவர்கள், நியூடெக் நிறுவனம் 2015-இல் கொண்டுவந்த, நெட்வொர்க் வழியே காட்சியை அனுப்பும் என்டிஐ நெறிமுறை உள்ள கேமராக்களைப் பார்க்கலாம். முழு என்டிஐ தாமதத்தை மிகவும் குறைத்துவிடும், ஆனால் 1080பி காட்சி ஒன்றுக்கே நூறு மெகாபிட்டுக்கு மேல் கேட்கும். கேமரா வேறொரு கட்டடத்தில் இருந்து இணையம் வழியே வர வேண்டியிருந்தால், 2017-இல் திறந்த மூலமாக்கப்பட்ட எஸ்ஆர்டி நெறிமுறை ஏற்றது.

அப்படி வெளியிலிருந்து எட்டுவதற்காக ரவுட்டரில் 554-ஆம் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள் என்று மன்றாடியே கேட்டுக்கொள்கிறேன். 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த சுமார் 60 பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டுமே முயன்று பார்த்து, ஏராளமான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டின் நிறுவனத்தின் மீது நடந்த தாக்குதலில் அவை பயன்படுத்தப்பட்டு, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களே பலருக்குக் கிடைக்காமல் போயின. என் கேமராக்கள் இணையத்தைத் தொடாத தனி நெட்வொர்க்கில் இருக்கின்றன. ஒளிபரப்பும் கணினிக்கு மட்டும் இரண்டு நெட்வொர்க் துளைகள், ஒன்று கேமராக்களுக்கு, ஒன்று இணையத்துக்கு. ஆர்டிஎஸ்பி முகவரியில் கடவுச்சொல் வெளிப்படையாகவே இருப்பதால், நேரலையில் கணினித் திரையைப் பகிரும் நேரத்தில் சோர்ஸ் அமைப்புகளைத் திறக்கவும் கூடாது.

இத்தனைக்குப் பிறகும் மேடைக்கு நேர் எதிரே, பாடுபவரின் முகத்தை அருகில் காட்டும் கேமராவை மட்டும் நான் எச்டிஎம்ஐயிலேயே வைத்திருக்கிறேன். அகலக் காட்சியில் உதடு நூறு மில்லிவினாடி விலகினால் யாரும் கவனிப்பதில்லை. முகம் திரையை நிறைக்கும்போது ஒவ்வொரு எழுத்தும் கண்ணில் படுகிறது. பின்சுவரிலும் பக்கவாட்டிலும் தொங்கும் மூன்று நெட்வொர்க் கேமராக்கள், கைகளையும் வாத்தியங்களையும் கூடத்தையும் காட்டுகின்றன.