தாத்தாவின் வாழைமர நோட்டு

பினாங்கு வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பாயான் லெப்பாஸில் வேலை, ஜெலுத்தோங்கில் ஒரு அம்மா வீட்டு மாடியில் அறை. முதல் நாள் காலையில் படியிறங்கும்போது அந்த அம்மா "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டதும் படியிலேயே நின்றுவிட்டேன். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் தாத்தா ஒருத்தர்தான் காலையில் இப்படிக் கேட்பாராம். கிழவர் கிறுக்கு என்று விட்டுவிட்டார்களாம். இங்கே பார்த்தால் ஊரே பசியாறுகிறது.

தாத்தா ரஜூலாவில் மலாயா போனவர். 1926-ல் கட்டிய கப்பல், நாகப்பட்டினத்தில் ஏற்றிய ஆட்களைப் பினாங்கில் இறக்கும். சண்டை முடிந்து 1946-ல் திரும்பி வந்தவர் அப்பாயியிடம் மஞ்சள் துணியில் முடிந்த ஒன்றைக் கொடுத்து "வச்சிரு" என்றாராம், அவ்வளவுதான். அது மலாயாப் பணம், ஆபத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது அப்பாயியின் கணக்கு. அத்தை கல்யாணத்துக்கு வயலை அடமானம் வைத்தபோதுகூட முடிச்சை அவிழ்க்கவில்லை. நான் கிளம்பும்போது அப்பா அதைக் கையில் திணித்து, "போற இடத்துல மாத்திப் பாரு" என்றார்.

அறையில் உட்கார்ந்து அவிழ்த்தேன். ஒரே ஒரு பத்து டாலர் நோட்டு. முன்பக்கம் குலை தள்ளிய வாழைமரம், பின்பக்கம் கடலில் தூரத்தில் ஒரு கப்பல். மேலே ஆங்கிலத்தில் ஜப்பான் அரசாங்கம் என்று இருந்தது.

வீட்டுக்கார அம்மா பார்த்ததுமே சிரித்தார். "இது ஜப்பான்காரன் காசு. இதுக்கு ஒரு தேத்தண்ணி கூட வராது." சண்டையில் மலாயாவைப் பிடித்திருந்தபோது ஜப்பான்காரன் அடித்தது, 1945-ல் வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் இந்த நோட்டெல்லாம் வெறும் காகிதமாகிவிட்டதாம். அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்றது, சயாமிலிருந்து, அதாவது தாய்லாந்திலிருந்து, பர்மாவுக்கு ஜப்பான்காரன் ரயில் போட 1942, 43-ல் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தது என்று சொல்லிக்கொண்டே போனவர், தன் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள், வரவில்லை என்ற இடத்தில் எழுந்து அடுப்பை அணைக்கப் போனார். அவர் வீட்டு டிவி மேல் பால்மரத்து மங்கு, அதாவது ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம், ஒன்று இருக்கிறது, அவருடைய அம்மா தோட்டத்தில் பால் எடுத்தது. இப்போது அதில் பேனா போட்டு வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்து "எழுதி வைங்க தம்பி, இல்லாட்டி போயிடும்" என்றார்.

சரி என்று ஒரு நோட்டுப்புத்தகம் வாங்கினேன். கப்பல், துணி முடிச்சு, அடமானம் வைத்த வயல் எல்லாம் எழுதியாகிவிட்டது. 1946-ல் கப்பல் ஏறியவருக்கு அது செல்லாது என்று தெரியாமல் இருந்திருக்காது. பிறகு ஏன் கொண்டுவந்தார், அப்பாயியிடம் ஏன் சொல்லவில்லை, அவரும் சயாம் வரைக்கும் போனாரா என்று கேட்க ஆள் இல்லை. மலாயாவைப் பற்றிக் கேட்டால் "அங்க மழை அதிகம்" என்பாராம். அப்பாவுக்குத் தெரிந்ததே அவ்வளவுதான். லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் இதே நோட்டு பிளாஸ்டிக் உறைக்குள் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தேன். விலை கேட்க மனசு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் கேட்டார், "மாத்தினியா? எவ்வளவு வந்துச்சு?"

"கடை பூட்டியிருந்துச்சுப்பா," என்றேன். "இங்க மழை அதிகம்."