கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் எத்தனை அங்குலம்?

இப்போது யாழ்ப்பாணத்தில் கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் வளவு முழுக்க இன்டர்லொக் கல் பதித்துவிடுகிறார்கள். பார்க்க வடிவுதான், ஆனால் கார்த்திகை மழை மண்ணுக்குள் இறங்காமல் அப்படியே ஒழுங்கைக்கு ஓடிவிடுகிறது. இங்கே வருடம் முழுக்க ஓடுகிற ஆறும் இல்லை, சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்குகிற மழைத் தண்ணீர்தான் கிணற்றில் ஊறுகிறது. அதனால் படலையிலிருந்து கிணற்றடி வரைக்கும் இடைவெளி விட்டுத் தனித்தனிக் கல்தான் என்று முடிவெடுத்தேன். ஒன்றரை அடி அகலம், ஒரு அடி நீளம், இரண்டு அங்குலத் தடிப்பில் சீமெந்துக் கல்.

சரி, எவ்வளவு இடைவெளி? நடுவுக்கு நடு இரண்டு அடி வை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வளர்ந்த ஆள் எடுத்துவைக்கிற எட்டுக்கு அது சரி, ஆனால் எங்கள் வீட்டில் கிணற்றடிக்கு அதிகம் போய்வருவது அம்மா. முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு, சும்மா ஒருக்கால் நடந்து போங்கோ அம்மா என்று சொல்லி, ஈர மண்ணில் பதிந்த காலடிகளைக் குதிக்குக் குதி அளந்தேன்: கிட்டத்தட்ட 20 அங்குலம். முதல் கல்லின் நடுவிலிருந்து கடைசிக் கல்லின் நடுவுக்கு 31 அடி, அதாவது 372 அங்குலம். 20ஆல் பிரித்தால் 18.6 வருகிறது, அதை 19 ஆக்கினால் ஒரு எட்டு 19.6 அங்குலம். இடைவெளிகள் 19 என்றால் கல் 20 வேண்டும், கல் வாங்கும்போது அந்த ஒன்றை மறக்கக் கூடாது.

அடையாளம் வைக்கும்போது ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு அளந்துகொண்டு போகாதீர்கள். ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் பிசகினால் கடைசியில் நாலைந்து அங்குலம் வந்து நிற்கும். டேப்பை முதல் கல்லின் நடுவிலேயே பிடித்துக்கொண்டு 19.6, 39.2, 58.7 என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். வரிசை பிடிக்கக் கட்டுகிற நூலையும் நடுவில் கட்டாமல் கல்லின் ஒரு பக்க விளிம்புக்குக் கட்டினால் தோண்டும்போது இடைஞ்சல் இராது. கறுத்தக் கொழும்பான் மாமரத்தடியில் பாதை கொஞ்சம் வளைகிறது, அந்த இடத்தில் அளவு நடுக்கோட்டில்தான். உள்பக்கம் நெருங்கும், வெளிப்பக்கம் விரியும், அதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை.

தோண்டுவதற்கு முன்னம் கல் எல்லாவற்றையும் மண்ணின் மேலேயே வைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் நடந்து பார்ப்பது நல்லது. அம்மா வாளியோடு நடந்து பார்த்துவிட்டு, கிணற்றடியில் திரும்புகிற கல்லை மட்டும் கொஞ்சம் கிட்ட வைக்கச் சொன்னா. வாளி நிறைந்திருக்கும்போது எட்டு இன்னும் குறுகும், அது எனக்குத் தோன்றவேயில்லை.

அப்புறம் தோண்டுகிற வேலை. எங்களுடையது செம்பாட்டு மண், ஆழமாகப் போகத் தேவையில்லை. அடியை நன்றாக இடித்து இறுக்கி, ஒன்றரை அங்குலம் மணல் பரப்பி, கல்லின் மேற்பக்கம் மண்ணுக்கு அரை அங்குலம் மேலே நிற்கிற மாதிரி வைத்தோம். சரியாக மண்மட்டத்துக்கு வைத்தால் முதல் மழையிலேயே சேறு ஏறிவிடும், இன்னும் உயர்த்தினால் கால் தடக்கும்.

இடைவெளிக்குள்ளும் கொங்கிறீற் போட்டுவிடுவோமா என்று மேசன் அண்ணை கேட்டார். வேண்டாம், சின்னச் சல்லி போதும் என்றேன். மாரியில் ஏதாவது கல் தாழ்ந்தால் அலவாங்கால் நெம்பித் தூக்கி, அடியில் கொஞ்ச மணல் போட்டுத் திரும்ப வைத்துவிடலாம்.