மதகுச் சாவி யார் கையில்?

பவானிசாகர் அணைக்குள் சிலிண்டர் கட்டி இறங்கும் நாளில், படகு கிளம்புவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. மதகு ஷட்டரை இறக்கி, அதை இயக்கும் மோட்டாரின் கரண்டைப் பிடுங்கி, பூட்டுப் போட்டு, சாவியைப் படகிலிருக்கும் மேற்பார்வையாளர் தன் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். "மூடியாச்சுங்க, நீங்க இறங்குங்க" என்று போனில் சொல்வதெல்லாம் செல்லாது.

20 மீட்டர் ஆழத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 20 டன் தண்ணீர் அழுத்துகிறது. மதகின் மறுபக்கம் வெறும் காற்றாக இருந்தால், ஓரடிக்கு ஓரடித் திறப்பில் கிட்டத்தட்ட 1.9 டன். காலோ முதுகோ அதில் போய் அடைத்துக்கொண்டால் மேலே எத்தனை பேர் கயிற்றை இழுத்தும் பயனில்லை. இழுவை இரண்டு முழம் தள்ளி நின்றால் தெரியவே தெரியாது, அதுதான் ஆபத்து. ஷட்டர் மூடியிருந்தாலும் ரப்பர் சீல் தேய்ந்து கசியலாம். அதனால் நீளக் கழி நுனியில் துணிக்கீற்றைக் கட்டி முதலில் அதை நீட்ட வேண்டும். துணி விறைத்து உள்ளே போனால் அன்றைக்கு அந்தப் பக்கம் வேலை கிடையாது.

கடலில் பழகியவர்கள், மூழ்குவதற்காகக் கட்டும் ஈயத்தை இங்கே அதிகம் கட்டிக்கொண்டு வருவார்கள். ஆளும் சாமானும் சேர்ந்து 100 கிலோ என்றால், நல்ல தண்ணீரில் சுமார் இரண்டரைக் கிலோ ஈயம் குறைக்க வேண்டும். குறைக்காதவர் நேராகச் சேற்றில் போய் உட்காருவார். வண்டல் கிளம்பினால் கைக்கடிகாரம்கூடத் தெரியாது. மார்கழி, தை மாதங்களில் குளிருக்கு 5 மி.மீ. ரப்பர் உடுப்புப் போடுவதால் குழப்பம் கூடும். மேலே மிதக்க வைக்கும் அந்த ரப்பர், ஆழத்தில் நசுங்கி மிதப்பை இழந்துவிடும். சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) இருக்கும்போது, காற்றடைக்கும் மிதவைச் சட்டையில் காற்றில்லாமல், சாதாரண மூச்சில் கண் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றால் ஈயம் சரி. 12 லிட்டர் சிலிண்டரில் 150 பார் செலவானால் இரண்டு கிலோவுக்கு மேல் எடை குறையும், ஆகவே முழுச் சிலிண்டரோடு சோதித்து ஏமாறக் கூடாது.

கிணற்றில் சுரைப்புருடை கட்டி நீச்சல் பழகிய நம்மூர்ப் பையன்களுக்குத் தண்ணீர் பயம் இருக்காது. ஆனால் அடியில் போட்ட காசை எடுக்க மூச்சைப் பிடித்த பழக்கம் போகவும் போகாது. சிலிண்டர் காற்றை 10 மீட்டரில் இழுத்து, பிடித்தபடி மேலே வந்தால் அது நுரையீரலில் இரண்டு மடங்காகும்; கிழித்துவிடும். நன்றாக நீந்துகிறவரைத்தான் இந்த விஷயத்தில் அதிகம் கவனிக்க வேண்டும்.

பரிசலிலிருந்து முதுகுப்பக்கமாக மல்லாந்து விழுவது வேண்டாம், எதிர்ப்பக்கம் எழும்பி உள்ளே இருப்பவர்களும் தண்ணீரில்தான். அகலமான ஃபைபர் படகே நல்லது. அறுந்துபோன நரம்பு வலை பட்டுப்போன மரக்கட்டைகளில் சிக்கிக் கிடக்கும். காலில் ஒரு கத்தி, மார்பில் ஒரு கத்தி. அணையில் மூழ்கிய டணாய்க்கன் கோட்டையைத் தண்ணீருக்குள் பார்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தண்ணீர் வற்றும் கோடையில் கரையில் நின்று பாருங்கள், அதுவே தெளிவு.

காற்றைப் பற்றி: ஊருக்கு ஊர் கம்ப்ரசர் இருக்கிறதே என்று மில்லில் பிடிக்கச் சொல்பவர்கள் உண்டு. அது 7, 8 பார், எண்ணெய்ப் புகையும் கலந்திருக்கும். நமக்கு வேண்டியது வடிகட்டிய 200 பார். 20 மீட்டரில் நிமிடத்துக்கு 60 லிட்டர் செலவாகும் என்று வைத்தால், 50 பார் மிச்சம் வைத்து அரை மணி நேர வேலை. மேலேறும்போது நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாமல், 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும்.

வேலை முடிந்ததும் திம்பம் மலைப்பாதையிலோ கோத்தகிரி வழியாகவோ கிளம்புவதுதான் நம் பக்கத்துக்கே உரிய தப்பு. அணை 300 மீட்டர் உயரத்துக்குள், ஊட்டியோ 2,200 மீட்டருக்கு மேல். ஆழத்தில் மூச்சோடு உடம்பில் கரைந்த நைட்ரஜன், உயரத்தில் அழுத்தம் குறைந்தால் குமிழியாகும்; அதற்கு இது விமானம் ஏறுவது மாதிரிதான். ஒரு முறை இறங்கியவருக்கு 12 மணி நேரம், பல முறை இறங்கியவருக்கு 18 மணி நேரம் இடைவெளி வேண்டும். மலைமேல் வீடு இருப்பவருக்கு அன்றிரவு சத்தியமங்கலத்திலேயே ரூம் போட்டுக் கொடுப்பது வேலைச் செலவில் சேரும்.