டிசம்பரில் கேட்கும் இரவல் குரல்கள்

டிசம்பர் 20

ஆண்டுக் கடைசி வந்துவிட்டால் பழைய ஹாலிவுட் இசைப்படங்களை எடுத்துப் பார்ப்பது என் வழக்கம். இந்த முறை தொடக்கம் ‘ஹாலிடே இன்’ (1942). பிங் கிராஸ்பி பாட, ஃபிரெட் அஸ்டேர் ஆட, பாட்டெல்லாம் இர்விங் பெர்லின். பண்டிகை நாள்களில் மட்டும் திறக்கிற ஒரு விடுதி, அவ்வளவுதான் கதை. ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டு திரைக்கு வந்தது இந்தப் படத்தில்தான். கிராஸ்பி பியானோவில் உட்கார்ந்து பாடிக்கொண்டே, கையிலிருக்கும் புகைக்குழாயால் கிறிஸ்துமஸ் மரத்து மணிகளைத் தட்டுகிறார். பாட்டில் சேர்ந்துகொள்ளும் மார்ஜரி ரெனால்ட்ஸ் வாயை மட்டும்தான் அசைக்கிறார். குரல் மார்த்தா மியர்ஸுடையது. டைட்டிலில் அவர் பெயரைத் தேடினேன், இல்லை.

லிங்கன் பிறந்தநாள் பாட்டில் கறுப்பினத்தவர் மாதிரி வேடம் போட, முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு வருகிறார்கள். பார்க்கச் சகிக்கவில்லை, ஓட்டிவிட்டேன்.

டிசம்பர் 22

பாட்டின் பெயரையே தலைப்பாக வைத்து 1954இல் வந்த ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’. கிராஸ்பியுடன் டேனி கே, ரோஸ்மேரி க்ளூனி, வெரா எல்லன். கதை சுமார். ஆனால் ‘சிஸ்டர்ஸ்’ பாட்டுக்காக மட்டுமே இதை எத்தனை முறையும் பார்க்கலாம். அக்கா தங்கையாக க்ளூனியும் வெரா எல்லனும் நீல உடையில், கையில் இறகு விசிறியோடு ஆடிப் பாடுகிறார்கள். வெரா எல்லன் காற்றில் மிதக்கிற மாதிரி ஆடுவார், பாட்டு மட்டும் வராது. மற்றப் பாட்டுகளில் அவருக்குக் குரல் கொடுத்தவர் ட்ரூடி ஸ்டீவன்ஸ். இந்தப் பாட்டில் க்ளூனியே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாடிவிட்டார். அதாவது, சகோதரிகள் இரண்டு, குரல் ஒன்று.

கூத்து அதோடு முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்கள் தப்பித்துப் போக அவகாசம் வேண்டும் என்று, கிராஸ்பியும் டேனி கேயும் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, அதே பாட்டின் இசைத்தட்டை ஓடவிட்டு, அதே விசிறியோடு மேடையேறி வாயசைக்கிறார்கள். டேனி கே விசிறியால் படபடவென்று அடிக்க, கிராஸ்பிக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிடுகிறது. அது நடிப்பில்லை, நிஜச் சிரிப்பு. வெட்டாமல் அப்படியே விட்ட மகராசனுக்கு நன்றி.

இதில் க்ளூனி பாடுதான் பரிதாபம். படத்தில் இரண்டு பேருக்குப் பாடியவர், படத்தின் இசைத்தட்டில் ஒரு வரிகூட இல்லை. அவருடைய ஒப்பந்தம் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தோடு, இந்தத் தட்டைப் போட்டதோ வேறு நிறுவனமான டெக்கா. அவர் இடத்தில் பெக்கி லீ பாடினார். தட்டை மட்டும் வாங்கிக் கேட்டவர்களுக்கு க்ளூனி அந்தப் படத்தில் இருந்ததே தெரிந்திருக்காது.

டிசம்பர் 24

‘மீட் மீ இன் செயின்ட் லூயிஸ்’ (1944). ஜூடி கார்லண்டுக்கு யாரும் இரவல் கொடுக்க வேண்டாம். ஊரைவிட்டு நியூயார்க் போகப்போகிற வீட்டில், ஜன்னலோரம் தங்கை மார்கரெட் ஓ’பிரையனைத் தேற்றப் பாடுகிற பாட்டில், ‘இதுவே உன் கடைசிக் கிறிஸ்துமஸாக இருக்கலாம்’ என்கிற பொருளில்தான் ஹியூ மார்ட்டின் முதலில் எழுதியிருந்தார். அழுகிற குழந்தையிடம் இதைப் பாடினால் பார்ப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள் என்று கார்லண்ட் மறுக்க, மார்ட்டின் முரண்டு பிடித்து, கடைசியில் மாற்றினார். மாற்றியும் சோகம் போகவில்லை. பாட்டு முடிந்ததும் குழந்தை முற்றத்துக்கு ஓடித் தான் செய்த பனிப்பொம்மைகளை அடித்து நொறுக்குகிறது.

டிசம்பர் 25

வீடு முழுக்க விருந்தாளிகள். படம் இல்லை.

டிசம்பர் 27

‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ (1965). கிறிஸ்துமஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இடிமழைக்குப் பயந்த குழந்தைகளுக்காகப் பாடுகிற பாட்டை எப்படியோ கிறிஸ்துமஸ் பாட்டாக்கிவிட்டார்கள். கேப்டனாக வரும் கிறிஸ்டோபர் ப்ளம்மருக்குப் பாடியது பில் லீ. நான் காத்திருந்தது கன்னிமாடக் காட்சிக்கு. அங்கே சிஸ்டர் சோஃபியாவாக வருபவர் மார்னி நிக்சன். டெபோரா கெர், நடாலி வுட், ஆட்ரி ஹெப்பர்ன் மூவருக்கும் பாடிவிட்டு, இங்கேதான் சொந்த முகத்தோடு வருகிறார். இந்தப் படத்தின் நாயகி ஜூலி ஆண்ட்ரூஸ் மேடையில் நடித்துப் புகழ்பெற்ற ‘மை ஃபேர் லேடி’ வேடம் திரையில் ஹெப்பர்னுக்குப் போனது, அதற்குப் பாடியவர் நிக்சன். இப்போது ஆண்ட்ரூஸும் நிக்சனும் ஒரே படத்தில்!

நம் ஊரில் டி.எம்.எஸ். பாடுகிறார் என்று தெரிந்தேதான் சிவாஜிக்குக் கைதட்டினோம். யாருக்கும் மரியாதை குறையவில்லை. ஹாலிவுட் ஏன் இப்படி ஒளித்து வைத்ததோ.

டிசம்பர் 30

‘சிங்கின் இன் த ரெயின்’ (1952). கீச்சுக்குரல் நடிகைக்குத் திரைக்குப் பின்னால் குரல் கொடுக்கிற பெண்ணாக டெபி ரெனால்ட்ஸ். ஆனால் அவர் அந்த நடிகைக்காகப் பாடுவதாக வரும் ‘வுட் யூ’ பாட்டைப் பாடியவர் பெட்டி நாய்ஸ். வசனத்துக்குக் குரல் கொடுக்கிற காட்சியில் கேட்பதோ, கீச்சுக்குரல் நடிகையாக வரும் ஜீன் ஹேகனின் இயல்பான குரல். இரவல் குரல் அநியாயம் என்று கதை கட்டிய படம் பெட்டி நாய்ஸ் பெயரையும் டைட்டிலில் போடவில்லை. இதைச் சொன்னதும் வீட்டில், “இனிமேல் உன்னோடு உட்கார்ந்து படம் பார்க்க முடியாது” என்றார்கள். சரி, நாளைக்கு அஸ்டேர் ஆட்டம் மட்டும்.